இரவல் மூக்கு

ஐவிக்குக் கசம், அதாவது காசநோய், என்பது உள்துறைமுகக் கரையில் போய் முடிகிற அந்த ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். அவளுக்குக் கசம் இல்லை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். மற்றது அவளுடைய புருஷன் வின்சன்ட். இரண்டு பேரும் வாய் திறக்க முடியாதபடி நடுவில் ஒரு செபமாலை கிடந்தது.

முறையாகச் சொல்வதென்றால் மூக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

வின்சன்ட் பாஸின் மூக்கு சாதாரண மூக்கல்ல. வெள்ளைக்காரன் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறும் வரைக்கும் நேவி யாட்டில் எஞ்சின் பூட்டுகிற பிற்றராக இருந்தவர். மற்றவர்கள் அங்கே ஸ்பானர் பிடிக்கப் பழகினார்கள். இவர் மோந்து பார்க்கவும் பழகிக்கொண்டு வந்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு இழுவை இழுப்பார். "பிளக் கரி பிடிச்சிருக்கு" என்பார். "ஒயில் கூடிப்போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று எங்கே ஒரு வள்ளத்தின் பின்னால் எஞ்சின் தொங்கினாலும் அதன் சீக்குக்கு மருந்து இந்த ஒழுங்கையில்தான் இருந்தது.

வேலை முடிந்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். அதைப் பார்க்கவென்றே ஆட்கள் நிற்பார்கள். எஞ்சின் மூடியைத் திறந்தபடியே விட்டு, அதற்கு மேலே குனிந்து, காதில் செருகியிருக்கும் சுருட்டை எடுத்து நெருப்பு வைப்பார். பெற்றோல் கசிகிற எஞ்சினுக்கு மேலே எந்த மடையனாவது நெருப்புக்குச்சி உரசுவானா? ஆகவே அந்தச் சுருட்டுத்தான் வின்சன்ட் பாஸின் உத்தரவாதம். மற்றவர்கள் எழுத்தில் கொடுப்பதை அவர் புகையில் கொடுத்தார்.

அந்த மூக்கு ஒரு மாரி காலத்துச் சளிக்காய்ச்சலில் செத்துப் போனது. காய்ச்சல் மாறியது, சளி வற்றியது, மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. முதலில் கண்டுபிடித்தவள் ஐவி. பழுதாகிப்போன மீன் சொதியை, கொட்டுவதற்கென்று அவள் ஒதுக்கி வைத்ததை, அவராகவே கோப்பையில் ஊற்றி இரண்டு தரம் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்குச் சொதி நல்லாயிருக்கு" என்றார். இருபத்திரண்டு வருடச் சீவியத்தில் அவர் அவளுடைய சமையலைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியை அவருடைய மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

அன்றைக்கே மாதா படத்தில் தொங்கிய செபமாலையை எடுத்து வந்து அவளுடைய கையில் திணித்தார். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அடுத்த நாளே முற்றத்து முருங்கைக்குக் கீழே, எஞ்சின் கொழுவுகிற மரச்சட்டத்திலிருந்து நாலடி தள்ளி, ஐவி ஊறப்போட்ட ஓலையோடு கிடுகு பின்ன உட்கார்ந்தாள். ஒழுங்கு இதுதான்: எங்கேயாவது பெற்றோல் மணந்தால் ஐவி இருமுவாள். மணக்காவிட்டால் சும்மா இருப்பாள். பாஸ் கண்ணை மூடி, ஒரு இழுவை இழுத்து, காதைக் கொடுத்துக் கேட்பார். இருமல் வந்தால், "கசியுது" என்று தலையாட்டுவார். வராவிட்டால் சுருட்டு.

நல்ல ஒழுங்குதான். ஆனால் அது மாவும் சீனியும் கூப்பனுக்குப் போன காலம். எஞ்சின் சாமான் எங்கே வரப்போகிறது? ஒரு சின்ன வாஷர்கூடக் கொழும்பிலேயே இல்லை. ஊரிலுள்ள எல்லா எஞ்சினும் ஒழுகின. எல்லா எஞ்சினும் ஒழுகியதால் ஐவி விடிய ஏழு மணி தொடக்கம் பின்னேரம் வரை இருமினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கரத்தினம் இருந்தாள். கிடுகு வேலியில் ஐவி வீட்டு முற்றத்தைப் பார்த்தபடி ஒரு பொட்டு, சின்ன ஓட்டை, இருந்தது. அது கோழி போகிற பொட்டு என்று தங்கரத்தினம் சொல்லுவாள், அவளிடம் கோழி இல்லை. அந்தப் பொட்டடியில் இருந்து அவள் ஒரு கிழமை கேட்டாள்.

"வறட்டு இருமல். சளி வாறேல்ல. முழங்கை எலும்பைப் பாத்தனீங்களே? கசம்தான், வேறென்ன."

இது பேக்கரிப் பாண் கியூவில் சொல்லப்பட்டது. கியூ நீளமானது, நேரமும் அதிகம். கதை கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐவி ஏற்கெனவே இரத்தம் துப்பத் தொடங்கியிருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் வழமைதான். அவளுக்கு முன்னும் பின்னும் கியூவில் கையை விரித்தாலும் எட்டாதபடி இரண்டு பாக இடம் விட்டார்கள். கோவிலில் அவள் முழந்தாளிட்ட வாங்கில் வேறு ஒருத்தருக்கும் செபம் வரவில்லை. மரணவீட்டுக்குப் போனால் தேத்தண்ணி சிரட்டையில் வந்தது. ஆத்திரப்பட்டு ஒரு நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படமெடுத்து, ஒன்றுமில்லை என்று துண்டும் வாங்கி வந்தாள். துண்டை ஒருவரும் வாசிக்கவில்லை. "கசம் இல்லாட்டி என்னத்துக்கு நெஞ்சுக் கிளினிக்குக்குப் போனவ?" என்று தங்கரத்தினம் கேட்டாள். நியாயமான கேள்வி என்று ஒழுங்கை ஒத்துக்கொண்டது.

புருஷன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னார்தான். வந்தவர்களுக்கு முன்னால், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யிறது, எனக்கு வாய்ச்ச எஞ்சின் இது. ஸ்டார்ட் எடுக்காது, சத்தம் மட்டும் போடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஐவி ஓலையைக் குனிந்து பின்னினாள். அந்த நேரம் பார்த்துக் காபரேட்டர் கசிந்தது. இருமினாள். இன்னும் சிரித்தார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்தாள். பொறுத்ததற்குக் காரணம் மரியமலர்.

மரியமலர் ஐவியின் தங்கை. கலியாணம் முடித்து ஒன்பது வருடம் வயிறு திறக்காமல் இருந்து, இப்போதுதான் ஒரு பெண்பிள்ளை. ஐவிக்கோ அதுவும் இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, ஊர்க்கதையைக் காதில் வாங்காமல், "அக்கா, நீங்கள்தான் ஞானத்தாய்" என்று மரியமலர் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐவி தன் கலியாணச் சேலையின் வெள்ளைப் பட்டை வெட்டி, ஞானஸ்நானத்துக்கு ஒரு சட்டை தைத்து, கழுத்தில் பின்னல் ரேந்தை வைத்து, அலுமாரியில் வெட்டிவேருக்கு நடுவில் வைத்திருந்தாள். தனக்கென்று ஒரு பிள்ளையை, அதன் தலையில் தண்ணீர் வார்க்கும்போது, கையில் ஏந்துவது. அவளுக்கு வேறு ஆசை என்று ஒன்றும் மிச்சம் இல்லை.

ஞானஸ்நானத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மரியமலர் வந்தாள். உள்ளே வரவில்லை. படலையடியில் நின்றாள்.

"வாவன் பிள்ளை, என்ன ரோட்டில நிக்கிறாய்?"

"இல்லையக்கா, அவசரம். அவர் சொல்லுறார்... பச்சைப்பிள்ளை எல்லோ. நீங்கள் தூக்கி, முகத்தோட முகம் வைச்சு... தங்கரத்தினமக்காட்ட கேட்டிருக்கிறம்."

தங்கரத்தினம்! ஐவி வேலியைப் பார்த்தாள். பொட்டில் ஒரு கண் தெரிந்து, மறைந்தது.

"எனக்கு ஒண்டும் இல்லை, மலர். சத்தியமா ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் இருமுறீங்கள்?"

ஐவியின் வாய் திறந்தது. செபமாலை வந்து அதை மூடிற்று.

"பாத்தீங்களே," என்றாள் மரியமலர், அழாக்குறையாக. பிறகு, போகத் திரும்பியவள் நின்று, "அந்தச் சட்டையை மட்டும் தாங்கோ அக்கா. வீணாப் போகக்கூடாது. நான் சுடுதண்ணியில அவிச்செடுக்கிறன்" என்றாள்.

ஐவி கொடுத்தாள். மரியமலர் அதைக் கையால் வாங்கவில்லை. உமல் பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு ஐவி புருஷனிடம் கேட்டாள். எல்லாருக்கும் வேண்டாம், மரியமலர் ஒருத்திக்கு மட்டும் சொன்னால் போதும்; நீங்களே சொல்லுங்கோ, அல்லது என்னைச் சத்தியத்திலிருந்து விடுங்கோ. வின்சன்ட் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கோபிக்கவில்லை. அதுதான் மோசம்.

"இஞ்ச பார் ஐவி. கசம் எண்டால் சனம் இரக்கப்படும். மூக்கில்லாத மெக்கானிக் எண்டால் சனம் சிரிக்கும். எது நல்லது எண்டு நீயே சொல்லு."

"சிரிக்கிறது உங்களைப் பாத்து. இரக்கப்படுறது என்னைப் பாத்து."

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றார் அவர். "குழம்பு இன்னும் கொஞ்சம் விடு."

குழம்பு விட்டாள். விடும்போது அவளுக்கு ஒரு விஷயம் ஓடி வெளித்தது. அவள் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினாள். இருமுவேன் என்று பண்ணவில்லை.

அடுத்த நாள் காலை மூதூரிலிருந்து ஜமால்தீன் காக்கா வந்தார். மீன்பிடி வள்ளக்காரர், நல்ல மனுஷன், வின்சன்ட் பாஸின் மூக்கை அவுலியாக்களின் அற்புதத்துக்கு அடுத்தபடி நம்புகிறவர். அவரும் கூட வந்த ஒரு ஆளும் எஞ்சினைத் தோளில் சுமந்து வந்து சட்டத்தில் கொழுவினார்கள்.

"கொட்டியாரக்குடாவைத் தாண்டுறத்துக்குள்ள அரை டேங்க் கடலுக்குப் போகுது பாஸ். மீனெல்லாம் பெற்றோல் மணக்குது எண்டு பொஞ்சாதி வீட்டுக்குள்ள எடுக்கிறாள் இல்லை."

பாஸ் மூடியைத் திறந்தார். பெற்றோல் குழாய் வந்து காபரேட்டரில் பூட்டுகிற இடத்தில் முழங்கை மாதிரி வளைந்த பித்தளைத் துண்டு ஒன்று இருக்கும். அதன் அடியில் ஈரம். உப்புத் தின்று புரி தேய்ந்திருந்தது. புதுசு கிடையாது. ஆகவே அவர் வழமையான வைத்தியத்தைத் தொடங்கினார்: துண்டைக் கழற்றி, துடைத்து, புரியைச் சுற்றிப் பருத்தி நூல் சுற்றி, நூலின் மேல் சவர்க்காரக் கட்டியை நன்றாகத் தேய்த்தார். பெற்றோலுக்குச் சவர்க்காரம் கரையாது. புதுச் சாமான் வரும் வரைக்கும் தாங்கும். திரும்பப் பூட்டி, ஸ்பானரால் இறுக்கினார். இறுக்குகிறபோது மெல்லியதாக ஒரு "டிக்" கேட்டது. ஐவிக்குக் கேட்டது. அவருடைய காது அந்த நேரம் தன்னுடைய கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாட்டில துரை சொல்லுவான் ஜமால்தீன் காக்கா, வின்சன்ட், உன்ர மூக்கைக் கழட்டி மியூசியத்தில வைக்கோணும் எண்டு."

"வைக்கத்தான் வேணும்," என்றார் ஜமால்தீன் பயபக்தியோடு.

குழாயின் நடுவிலிருந்த றப்பர் பந்தைப் பாஸ் நாலைந்து தரம் பிசைந்தார். பெற்றோல் ஏறியது. பித்தளைத் துண்டைச் சுற்றி ஈரமில்லை, சவர்க்காரம் பிடித்துக்கொண்டது. ஆனால் அது பூட்டியிருந்த காபரேட்டர் உடம்பு கீழ்ப்பக்கமாக மயிரளவு வெடித்திருந்தது. அந்த வெடிப்பால் பெற்றோல் இறங்கி, எஞ்சினின் அடித்தட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லத்தானே மூக்கு.

மணம் ஐவிக்கு வந்தது. முருங்கைக்குக் கீழே, நாலடி தூரத்தில், கண்ணில் நீர் வருகிற மாதிரி வந்தது.

பாஸ் கண்ணை மூடினார். ஒரு இழுவை இழுத்தார். காதைக் கொடுத்தார்.

ஐவி ஓலையை மடித்தாள். அவள் அவரைக் கொளுத்த நினைக்கவில்லை. அதை அவளுடைய பக்கத்து நியாயமாக எழுதி வைக்கத்தான் வேண்டும். அவளுடைய கணக்கு வேறு. ஜமால்தீன் காக்காவுக்கு முகத்தில் ஒரு மூக்கு இருக்கிறது. அது நன்றாகவும் இருக்கிறது. பாஸ் நெருப்புப்பெட்டியை எடுத்தவுடனே அந்த மனுஷன், "என்ன பாஸ், மணக்குது, உங்களுக்கு விளங்கல்லியா?" என்று கத்துவார். ஒழுங்கைக்குக் கேட்கும். வேலிப் பொட்டுக்குக் கேட்கும். மூக்கின் மரணம் ஐவி வாய் திறக்காமலே ஊருக்கு அறிவிக்கப்படும். செபமாலையும் அறாது.

பாஸ் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் முருங்கையிலிருந்த காகத்தைப் பார்த்தாள்.

"சரி. இனிப் பயமில்லை," என்றார் பாஸ்.

ஜமால்தீனின் மூக்கு இரண்டு தரம் விரிந்து சுருங்கியது. முகம் கோணியது. அவர் கூட வந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆளும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அவரைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் மணந்தது. இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். வின்சன்ட் பாஸின் மூக்கு இல்லையென்றதை மூதூர்க்காரன் மூக்கு உண்டென்று சொல்வதா? தங்கள் சட்டையில்தான் பழைய பெற்றோல் மணக்கிறது என்று ஜமால்தீன் முடிவுகட்டி, மரியாதைக்காக ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். உயிர் தப்பியது அந்த ஒரு அடியில்தான்.

பாஸ் காதிலிருந்து சுருட்டை எடுத்தார். ஐவி ஜமால்தீனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திற. திற, மனுஷா. அது திறக்கவில்லை. அவளுடைய தொண்டைக்குள் இருமல் ஏறி வந்தது. வந்து, பல்லுக்குப் பின்னால் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு உமல் பையின் விரித்த வாய் ஞாபகம் வந்தது.

குச்சி உரசியது.

"புஸ்" என்றது, அவ்வளவுதான் சத்தம். பிறகு ஆளுயரத்துக்கு ஒரு மஞ்சள் எழும்பியது. மீசை, புருவம், தலைமயிரில் முன்பாதி, வலது கை முழங்கை வரைக்கும். முதலில் ஓடியவள் ஐவிதான். ஊறப்போட்ட ஓலையை அள்ளி அவர்மேல் போட்டு, தானும் விழுந்து அணைத்தாள். ஜமால்தீன் மண்ணை அள்ளி எஞ்சினில் கொட்டினார். சவர்க்காரமும் நூலும் றப்பரும் எரிந்து கறுப்புப் புகை ஒழுங்கையை நிரப்பியது. ஓடி வந்தவர்கள் எல்லாரும் இருமினார்கள். ஐவி மட்டும் இருமவில்லை.

தங்கரத்தினம் அதைக் கவனித்தாள். அவள் எதைத்தான் கவனிக்கவில்லை!

பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள். பாஸுக்கு முகத்தில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் விட்டு மிச்சமெல்லாம் துணி. ஜமால்தீன் காக்கா தோடம்பழத்தோடு வந்து, கட்டிலின் காலடியில் நின்று அழுதார். "எனக்கு மணந்தது பாஸ். அல்லாஹ்மேல ஆணையா மணந்தது. நீங்க பேசாம இருக்கக்க நான் என்னெண்டு கதைக்கிறது?" என்றார். பக்கத்துக் கட்டில்காரன் திரும்பிப் பார்த்தான். தாதி திரும்பிப் பார்த்தாள். ஊருக்கு மிச்சம் தெரிய ஒரு மத்தியானம் போதும்.

ஜமால்தீன் போன பிறகு ஐவி கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். இரண்டு கரண்டி குடித்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அண்டைக்கு நீ இருமேல்ல."

ஐவி கோப்பைக்குள் கஞ்சியைக் கலக்கினாள்.

"மூக்குத்தான் செத்தது ஐவி, மூளை சாகேல்ல. ரெண்டு வருசம். ஒரு நாள் தவறேல்ல. அண்டைக்கு மட்டும் காகம் பாத்தனீ."

"நான்..."

"இரு. நீ கேட்டதைத் தாறன். சத்தியத்திலயிருந்து உன்னை விட்டாச்சு. நானே சொல்லுறன், எல்லாருக்கும். என்ர மூக்கு செத்துப்போச்சு, ஐவிதான் என்ர மூக்கு. அவளுக்குக் கசம் இல்லை, மணந்தால் இருமுவாள் எண்டு. சொல்லட்டோ? இனி எனக்கென்ன, எரிஞ்ச முகத்தைப் பாத்து ஒருத்தனும் சிரிக்கமாட்டான்." துணிக்குள் அவருடைய வாய் மெல்லக் கோணியது. "சொன்னவுடன அவையள் ஒண்டுதான் கேப்பினம். அப்ப அண்டைக்கு ஏன் இருமேல்ல எண்டு. அதுக்கு நீ மறுமொழி சொல்லு."

ஐவி கஞ்சிக் கோப்பையைக் கட்டிலடியில் வைத்தாள். கசம் இல்லாத ஐவி என்றால் புருஷனைக் கொளுத்தின ஐவி. ஒன்றைக் கழற்றினால் மற்றது வந்து பூட்டிக்கொள்ளும். புரி அப்படி.

அந்த நேரம் பார்த்து வாட்டு வாசலில் மரியமலர் நின்றாள். பிள்ளைக்கு ஊசி போட வந்தவள், கையில் பிள்ளை. தூவாயால் சுற்றிய சின்ன முகம், ஒரு கொட்டாவி. மரியமலர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். பிள்ளை பிறந்த இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அக்காவுக்குக் கிட்டே வந்தாள்.

"அத்தானுக்கு எப்பிடி?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, வாசலில ஜமால்தீன் காக்காவைக் கண்டனான். அத்தானுக்கு மணமே பிடிக்கேல்லையாமே. அப்ப..." நெற்றியைச் சுருக்கினாள். மரியமலர் மெதுவாகத்தான் யோசிப்பாள், ஆனால் யோசித்து முடிப்பாள். "அப்ப உங்கட அந்த இருமல்... உண்மையில உங்களுக்கு ஒண்டும் இல்லையோ? தங்கரத்தினமக்காட்ட இன்னும் முடிவாச் சொல்லேல்ல. ஞாயிற்றுக்கிழமைதானே. சொல்லுங்கோவன் அக்கா."

சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டினாள். பாலும் பவுடரும் மணந்தது. பிள்ளை ஐவியின் விரலைப் பார்த்துக் கையை விரித்தது.

கட்டிலில் பாஸ் தொண்டையைச் செருமினார். "மலர்," என்றார் அன்பாக, "அதை நான் சொல்லுறன், கேள்..."

ஐவி இருமினாள்.

ஒரு இருமலல்ல. குனிந்து, நெஞ்சைப் பிடித்து, சேலைத் தலைப்பை வாயில் பொத்தி, கண் பிதுங்க, நிறுத்தாமல் இருமினாள். பக்கத்துக் கட்டில்காரன் போர்வையை மூக்குவரை இழுத்தான். மரியமலர் ஒரே எட்டில் பின்னால் போனாள். தூவாயை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். "யேசுவே," என்றாள். "ரத்தம் வருதோ அக்கா?" என்றாள். மறுமொழிக்கு நிற்கவில்லை. செருப்புச் சத்தம் விறாந்தையில் ஓடித் தேய்ந்தது.

ஐவி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். கஞ்சிக் கோப்பையைத் தேடி எடுத்து, கரண்டியால் கலக்கி, அவருடைய வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

அவர் ஆவென்று வாயைத் திறந்து வாங்கினார். விழுங்கினார்.

"இண்டைக்குத்தான் ஐவி," என்றார், "நேரத்துக்கு இருமினனீ."